முதலில் நகல், பிறகுதான் ரிப்பேர்

எங்கள் சொந்தபந்தத்தில் யார் வீட்டு சிஸ்டம் மக்கர் செய்தாலும் போன் எனக்குத்தான் வரும். ரேம் போனாலும் மதர்போர்டு போனாலும் காசோடு போயிற்று என்று புதிது வாங்கி மாட்டிவிடலாம். ஹார்ட் டிஸ்க் விஷயம் வேறு. அதற்குள் இருப்பது கல்யாண போட்டோ, பிள்ளைகளின் பிராஜக்ட், நிலப் பத்திரத்தின் ஸ்கேன். கடையில் கிடைக்காதவை. அதனால் டிஸ்க் பற்றிய போன் வந்தால் நான் சொல்லும் முதல் வார்த்தை எப்போதும் ஒன்றுதான்: "எதையும் ரிப்பேர் பண்ணாதீங்க. ஆஃப் பண்ணி வைங்க."

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. டிஸ்க்கில் ஏதாவது கோளாறு என்றால் விண்டோஸ் தானாகவே "ஸ்கேன் செய்து சரிசெய்யட்டுமா" என்று கேட்கும், அல்லது "ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்" என்று பெட்டி காட்டும். நம் கையும் ஓகேவை அழுத்தப் பழகியிருக்கிறது. செக் டிஸ்க் என்ற கருவியின் வேலை ஃபைல் சிஸ்டத்தின் பதிவேட்டை முரண் இல்லாமல் ஆக்குவது. உங்கள் போட்டோவைக் காப்பாற்றுவது அதன் வேலையே இல்லை. பதிவு ஒத்துவராவிட்டால் அந்தப் பதிவை வெட்டிவிடும். அனாதையாக நிற்கும் துண்டுகளை, பெயரைப் பறிகொடுத்த ஃபைல்களாக ஒரு தனி ஃபோல்டரில் கொட்டும். அதிலும் கட்டளையோடு "ஸ்லாஷ் ஆர்" (/r) சேர்த்து ஓட்டினால் டிஸ்க்கின் ஒவ்வொரு செக்டராக, அதாவது தகவல் எழுதும் ஒவ்வொரு சின்னக் கட்டமாக, படித்துப் பார்க்கும். நல்ல டிஸ்க்குக்கு அது பரிசோதனை. சாகக் கிடக்கும் டிஸ்க்குக்கு, மிச்சமிருக்கும் உயிரையும் அதிலேயே செலவழித்துவிடும். நெட்டில் எங்கே தேடினாலும் முதல் யோசனையாக இதைத்தான் சொல்கிறார்கள் என்பது எனக்குத் தீராத வருத்தம்.

தஞ்சாவூரில் இருக்கும் பெரியப்பா, பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். குடும்பத்தின் பழைய கடிதங்கள், கறுப்பு வெள்ளைப் படங்கள், பத்திரங்கள் எல்லாவற்றையும் பொறுமையாக ஸ்கேன் செய்து ஃபோல்டர் ஃபோல்டராக அடுக்கி வைத்திருந்தார். ஒருநாள் போன்.

"ஏம்ப்பா, டி டிரைவைத் தொட்டா அப்படியே நின்னுடுது. கொஞ்ச நேரம் கழிச்சு தானே வருது. வைரஸா இருக்குமோ?"

"சத்தம் ஏதாவது கேக்குதா பெரியப்பா? டக் டக்குன்னு?"

"அதெல்லாம் இல்ல. விளக்கு மட்டும் எரிஞ்சுக்கிட்டே இருக்கு."

"அப்ப ஷட் டவுன் பண்ணிடுங்க. நான் வர்ற வரைக்கும் திரும்பப் போடாதீங்க."

சத்தம் இல்லை என்பது நல்ல செய்தி. ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில்தான் தகவலைப் படிக்கும் ஹெட் பறக்கிறது. அந்த ஹெட் பழுதானாலோ தட்டில் உரசினாலோ, சீராக டக் டக் என்ற சத்தம் வரும். அது கேட்டால் உடனே மின்சாரத்தை நிறுத்த வேண்டும். எந்த சாஃப்ட்வேரும் அங்கே எடுபடாது. டிஸ்க்கைத் திறந்து பார்க்கத் தூசியில்லாத தனி அறை வேண்டும், அதற்கென்று உள்ள ரெகவரி கூடங்களில்தான் முடியும். ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் ஓடும் என்பதை நம்பாதீர்கள். நம் ஊர் ஈரக் காற்றில் வெளியே எடுத்ததும் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும்.

தொட்டால் நிற்கிறது, பிறகு வருகிறது என்றால் இரண்டு சாத்தியங்கள்தான் எனக்கு முதலில் தோன்றும். ஒன்று, படிக்க முடியாத செக்டர். அப்படி ஓர் இடத்தில் சிக்கினால் டிஸ்க் விடாமல் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். அதுவரை விண்டோஸ் காத்திருக்கும். இன்னொன்று, கேபிள். எது என்று அறிய டிஸ்க்கையே கேட்கலாம். ஸ்மார்ட் என்ற பெயரில் ஒவ்வொரு டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கிறது. அந்தக் குறிப்பைப் படிக்க விண்டோஸைத் திறக்கவே தேவையில்லை. சிஸ்டம் ரெஸ்க்யூ என்ற இலவச லினக்ஸை ஒரு பென்டிரைவில் ஏற்றி எப்போதும் பையில் வைத்திருப்பேன். அதிலிருந்து பூட் செய்தால், பழுதான டிஸ்க்கில் விண்டோஸ் ஒரு எழுத்துகூட எழுதாது.

நான் பார்ப்பது நான்கே வரிகள். 05 என்பது, கெட்டுப்போய் மாற்று இடம் ஒதுக்கப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கை. சி5 என்பது, படிக்க முடியாமல், முடிவாகாமல் காத்து நிற்கும் செக்டர்கள். சி6, சரிசெய்ய முடியாதவை. சி7, டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே கேபிளில் சிதைந்துபோன தகவல். லினக்ஸ் கருவியில் இவை 5, 197, 198, 199 என்று இருக்கும். பெரியப்பாவின் டிஸ்க்கில் 197இல் 24. மற்றவை பூஜ்யம். இதே டிஸ்க்கை விண்டோஸில் ஸ்மார்ட் எண்களைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போட்டுப் பார்த்திருந்தால் சி5 வரியில் 18 என்று தெரியும், ஏனென்றால் அது இயல்பாகவே பதினாறடிமான எண்ணில் காட்டும் (ஒரு 16, கூட 8, ஆக 24). மெனுவில் போய் பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். 24 என்பதும் பெரிதாகத் தெரியும், ஆனால் இப்போதைய டிஸ்க்குகளில் உண்மையான செக்டர் 4096 பைட். அதை 512 பைட் கணக்கில் எட்டெட்டாக எண்ணுகிறது. ஆக உண்மையில் கெட்டது மூன்றே இடம்.

மூன்று இடம்தானே என்று விட முடியாது. கூகுள் தன்னுடைய 1 லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. மேற்பரப்புச் சோதனையில் முதல் பிழை காட்டிய டிஸ்க், பிழையே இல்லாத டிஸ்க்கைவிட அடுத்த 60 நாட்களுக்குள் செத்துப்போக 39 மடங்கு வாய்ப்பு அதிகம் என்றது அது. அதே ஆய்வில் இன்னொன்றும் உண்டு: செத்த டிஸ்க்குகளில் பாதிக்கு மேல், அந்த ஆய்வு முக்கியமாக எடுத்துக்கொண்ட நான்கு ஸ்மார்ட் எண்களில் எதிலும் ஒன்றும் காட்டாமலே செத்தன. எனவே சி5 பூஜ்யத்தைத் தாண்டினால் அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்வேன். பூஜ்யமாகவே இருந்தால் அதை உத்தரவாதமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

நகல் எடுக்கப் புது டிஸ்க் வாங்கும்போது பெரியப்பா கேட்டார், "1 டிபிதானேப்பா நம்மளோடது, அதுவும் 931ன்னுதானே காட்டுது?" தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கிக் கணக்கிடுகிறார்கள், விண்டோஸ் 1024 ஆக வகுத்துக் காட்டுகிறது, இடம் எங்கும் போகவில்லை. ஆனால் நகல் எடுக்கும்போது இந்தக் கணக்கில் கவனம் வேண்டும். 960 ஜிபி எஸ்எஸ்டியில் (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிரைவ்) 1 டிபி டிஸ்க்கின் முழு நகல் அடங்காது. நகல் டிஸ்க் ஒரு செக்டர்கூடக் குறையக் கூடாது. அதனால் 2 டிபி வாங்கினோம்.

இந்த வேலைக்கு நான் நம்புவது டிடிரெஸ்க்யூ என்ற லினக்ஸ் கருவி. சாதாரண காப்பி ஃபைல் ஃபைலாகப் போகும். கெட்ட இடம் வந்தால் அங்கேயே முட்டி மோதி நிற்கும். இது டிஸ்க்கை ஆரம்பத்திலிருந்து படித்துக்கொண்டு போய், கெட்ட இடம் வந்தால் தாண்டிக் குதித்து அந்தப் பக்கம் உள்ள நல்லதை முதலில் அள்ளிவிடும். சுலபமாக வருவதெல்லாம் வந்து சேர்ந்த பிறகுதான், விட்ட இடங்களுக்குத் திரும்பி ஓரங்களைச் செதுக்கி எடுக்கும். நடுவில் டிஸ்க் செத்தாலும் பெரும்பகுதி கைக்கு வந்திருக்கும். எங்கெங்கே படித்தோம், எங்கே விட்டோம் என்பதை மேப் ஃபைலில் எழுதிக்கொண்டே போகும். அந்த ஃபைலை இந்த இரண்டு டிஸ்க்கிலும் இல்லாமல் தனியாக ஒரு பென்டிரைவில் வையுங்கள். பென்டிரைவ் லினக்ஸின் சொந்த இடம் ரேமில் இருக்கிறது. கரண்ட் போனால் மேப் ஃபைலும் போய்விடும். பென்டிரைவில் இருந்தால், கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அன்றைக்கு நடுராத்திரியில் கரண்ட் போனது, அப்படித்தான் தொடர்ந்தோம்.

கட்டளை அடிக்கும்போது பயப்பட வேண்டிய இடம் ஒன்றே ஒன்று. மூல டிஸ்க் முதலில், நகல் டிஸ்க் அடுத்து. இடம் மாறினால் காலி டிஸ்க் போட்டோக்களின் மேல் எழுதப்பட்டுவிடும். லினக்ஸ் டிஸ்க்குகளுக்கு வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் ஒவ்வொரு பூட்டிலும் மாறலாம், அவற்றை நம்பக் கூடாது. டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணைப் பேப்பரில் எழுதி, திரையில் வரும் எண்ணோடு பெரியப்பாவை வாசிக்கச் சொல்லி ஒப்பிட்டேன். இரண்டு பேர் பார்ப்பது நல்லது.

நல்ல நிலையில் உள்ள 1 டிபி டிஸ்க்கை முழுக்கப் படிக்கச் சுமார் 3 மணி நேரம் ஆகும். இது விடிய விடிய ஓடியது. கேபினெட் மூடியைக் கழற்றி டேபிள் ஃபேனை டிஸ்க் பக்கம் திருப்பி வைத்திருந்தோம். முடிவில் வராமல் நின்றது சில கிலோபைட்தான். அந்த இடங்களில் எந்த ஃபைல் இருந்தது என்பதையும் கண்டுபிடிக்க வழி இருக்கிறது: படிக்க முடியாத இடங்களை மட்டும் நகலில் ஒரு குறிச்சொல்லால் நிரப்பச் சொல்லி, பிறகு அந்தச் சொல் உள்ள ஃபைல்களைத் தேடினால் போதும். இரண்டு ஸ்கேன் படங்கள் சிக்கின. அசல் காகிதம் பீரோவிலேயே இருந்ததால் திரும்ப ஸ்கேன் செய்துகொண்டார். இவ்வளவும் முடிந்த பிறகு, நகல் டிஸ்க்கில்தான் செக் டிஸ்க் ஓட்டினேன். அங்கே அது என்ன செய்தாலும் கவலையில்லை. ஒரு குறிப்பு: நகலும் மூலமும் ஒரே அடையாள எண்ணைக் கொண்டிருக்கும், இரண்டையும் சேர்த்து மாட்டினால் விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைன் ஆக்கிவிடும். பழையதைக் கழற்றிவிட்டுத்தான் பூட் செய்ய வேண்டும்.

எதிர்வீட்டு மாமாவின் சிஸ்டமும் இதே மாதிரி நின்று நின்று வந்தது. அவர் டிஸ்க் போய்விட்டது என்று முடிவே கட்டிவிட்டார். பார்த்தால் 05, சி5, சி6 மூன்றும் பூஜ்யம், சி7 மட்டும் நூற்றுக்கணக்கில். டிஸ்க் சுத்தம், கேபிள்தான் நோயாளி. டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும், கொக்கி இல்லாத பழைய சிவப்பு சாட்டா கேபிள், சூட்டிலும் அதிர்விலும் தளர்ந்திருந்தது. நூறு ரூபாய்க்கு உள்ளாக ஒரு கொக்கி வைத்த கேபிள் வாங்கி, மதர்போர்டில் வேறு போர்ட்டில் மாட்டியதும் முடிந்தது. சி7 எண் திரும்பக் குறையாது என்பதை நினைவில் வைக்க வேண்டும். பழைய எண்ணைக் குறித்து வைத்து, மேலும் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறாவிட்டால் கோளாறு தீர்ந்தது. விண்டோஸ் திறக்கிற நிலையில் இருந்தால், அது நடந்ததையெல்லாம் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரும் கைகொடுக்கும்: 7ஆம் எண் கெட்ட செக்டரைச் சொல்லும், 129, 153 இரண்டும் டிஸ்க் பதில் தராமல் மறுமுறை கேட்க நேர்ந்ததைச் சொல்லும்.

வெளியே மாட்டும் போர்ட்டபிள் டிஸ்க்குகளின் தொல்லை வேறு ரகம். சித்தி மகள் ஒருநாள், "அண்ணா, ஃபார்மட் பண்ணச் சொல்லுதே, கொடுக்கட்டுமா?" என்று கேட்டாள். நல்லவேளை, கொடுப்பதற்கு முன் கேட்டாள். காப்பி ஆகிக்கொண்டிருக்கும்போது வயர் கழன்றிருக்கிறது. இந்த மாதிரி நேரத்தில் முதலில் வேறு வயர் போட்டு, கேபினெட்டின் பின்பக்க யுஎஸ்பியில் மாட்டிப் பாருங்கள். முன்பக்க போர்ட்டுக்கு உள்ளே நீளமான ஒயர் ஓடுகிறது, மின்சாரம் போதாமலும் டிஸ்க் இப்படித் திணறும். அப்படியும் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் "ரா" என்றே, அதாவது ஃபைல் சிஸ்டம் எது என்று புரியவில்லை என்றே, காட்டியது. ஸ்மார்ட் எண்கள் நன்றாக இருந்தன. ஆக உடம்பில் பழுதில்லை, பதிவேட்டின் தலைப்பக்கம்தான் சிதைந்திருக்கிறது. விண்டோஸின் வழக்கமான ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ்ஸில், பார்ட்டிஷனின் முதல் செக்டருக்கு ஒரு பிரதி அதன் கடைசியிலேயே இருக்கிறது. டெஸ்ட் டிஸ்க் என்ற இலவசக் கருவி இரண்டையும் ஒப்பிட்டு, கெட்டதின் இடத்தில் நல்லதை எழுதித் தரும். எழுதுவதற்கு முன்பே ஃபைல் பட்டியலைக் காட்டும், வேண்டியதை வேறு டிஸ்க்குக்கு எடுத்துக்கொள்ளவும் விடும். முதலில் எடுத்துக்கொண்டோம், பிறகுதான் எழுதினோம். அதுவும் பலிக்காத நேரத்தில் அதன் கூடவே வரும் போட்டோரெக் உதவும். ஆனால் அது ஃபைலின் உள்ளடக்கத்தை மட்டும் பார்த்துப் பொறுக்குவதால் பெயரும் ஃபோல்டரும் கிடைக்காது. எதை வைத்து மீட்டாலும், மீட்டதை அதே டிஸ்க்கில் சேமிக்கக் கூடாது.

நம் ஊரில் நான் அடிக்கடி கேட்கும் ஒரு பதில், "பேக்கப் எல்லாம் இருக்கு, டி டிரைவ்ல போட்டு வச்சிருக்கேன்." பெரும்பாலான வீடுகளில் சி, டி, இ மூன்றும் ஒரே டிஸ்க்கின் பார்ட்டிஷன்கள். ஒரே வீட்டில் தடுப்புச் சுவர் எழுப்பியது மாதிரி. கூரை விழுந்தால் எல்லா அறைக்கும் சேர்த்துத்தான் விழும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால் டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று வரிசையாக இருக்கும். சியும் டியும் ஒரே வரியில் இருந்தால் உங்களிடம் பேக்கப் இல்லை.

எஸ்எஸ்டி வந்த பிறகு இது இன்னும் முக்கியமாகிவிட்டது. ஹார்ட் டிஸ்க்கில் அழித்த ஃபைலின் மேல் வேறு எதுவும் எழுதப்படாதவரை மீட்க வாய்ப்பு உண்டு. எஸ்எஸ்டியில் அழித்ததும் விண்டோஸ் டிரிம் கட்டளை அனுப்பிவிடும், உள்ளே அந்த இடத்தைத் துடைத்துவிடும். ரெகவரி சாஃப்ட்வேருக்குக் கிடைப்பது வெறும் பூஜ்யங்கள். சத்தமும் முன்னறிவிப்பும் இல்லாமல் போகும் சுபாவமும் அதற்கு உண்டு. நேற்று ஓடியது, இன்று பயாஸிலேயே (விண்டோஸுக்கு முன்பே வரும் மதர்போர்டின் அமைப்புத் திரையிலேயே) காணோம் என்பதைப் பார்த்திருக்கிறேன். வேகத்துக்கு எஸ்எஸ்டியைவிடச் சிறந்த மாற்றம் எதுவும் இல்லை, பழைய லேப்டாப்புக்கு அதைத்தான் முதலில் சிபாரிசு செய்வேன். ஆனால் போட்டோக்களைப் போட்டு வருஷக்கணக்கில் பீரோவில் வைக்க அது வேண்டாம். அதில் தகவல் மின்னூட்டமாக நிற்கிறது. மின்சாரமே படாமல் கிடந்தால், அதுவும் வெக்கையில், மெல்லக் கசியும். வாங்கும்போது சின்ன அட்டை மாதிரி எஸ்எஸ்டியைச் செருகும் எம்.2 ஸ்லாட் இருக்கிறது என்பது மட்டும் போதாது, அது சாட்டா வகையா என்விஎம்இ வகையா என்று மதர்போர்டு கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். வடிவம் ஒன்றாக இருந்தாலும், வகை மாறினால் ஓடாது.

2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியபோது, சுற்றுவட்டாரத்தில் நிறைய பேர் புதிதாக 11 போட்டார்கள். அப்போது எல்லாரிடமும் இரண்டு விஷயம் சொன்னேன். இன்ஸ்டால் செய்யும் முன் டேட்டா டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிடுங்கள். அந்தத் திரையில் டிரைவ்கள் சி, டி என்ற பெயரில் வராது, 0, 1 என்ற எண்ணில்தான் வரும், தவறானதை டிலீட் செய்ய ஒரு கிளிக் போதும். இரண்டாவது, பிட்லாக்கர். புதிய விண்டோஸ் 11 பல சிஸ்டங்களில் தானாகவே டிஸ்க்கைப் பூட்டிவிடுகிறது. அதன் 48 இலக்க மீட்பு எண் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அதை இன்றைக்கே ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள். மதர்போர்டு மாறினால் விண்டோஸ் அந்த எண்ணைக் கேட்கும். அது இல்லாவிட்டால் ரெகவரி கூடத்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

பெரியப்பா வீட்டில் இப்போது பேக்கப் டிஸ்க் இரண்டு. ஒன்று அவருடைய பீரோவில், இன்னொன்று திருச்சியில் அக்கா வீட்டில். அக்கா வந்து போகும்போது மாறி மாறிப் போகும். மாதத்தில் எந்த நாளில் மாட்டுவது என்று பேச்சு வந்தபோது, "அமாவாசை எனக்கு மறக்காது, அன்னிக்கே போட்டுடறேன்" என்றார். தர்ப்பணம் முடிந்து சாப்பிட்டதும் டிஸ்க்கை மாட்டுவார், காப்பி முடிந்ததும் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுவார். கழற்றி வைப்பது அவசியம். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் வந்தால், எப்போதும் மாட்டியே இருக்கும் டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டிவிடும், மின்னல் இறங்கினால் அதுவும் சேர்ந்து கருகும். மாட்டும்போதெல்லாம் ஏதாவது ஒரு பழைய ஃபோல்டரைத் திறந்து நாலைந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். பெயர் தெரிந்தால் படமும் இருக்கிறது என்று அர்த்தமில்லை.

கழற்றிய பழைய டிஸ்க்கை உடனே தூக்கிப் போடாதீர்கள், நகல் சரியாக இருப்பது உறுதியாகும்வரை தேதி எழுதி ஒட்டி வையுங்கள். பிறகு யாருக்காவது கொடுப்பதென்றால் ஃபார்மட் மட்டும் செய்து கொடுக்கக் கூடாது. நல்ல டிஸ்க் என்றால் விண்டோஸின் டிஸ்க்பார்ட் என்ற கட்டளைக் கருவியில் "கிளீன் ஆல்" கொடுத்தால் முழுக்கப் பூஜ்யம் எழுதும். வெறும் "கிளீன்" பார்ட்டிஷன் பட்டியலை மட்டும்தான் அழிக்கும். எஸ்எஸ்டிக்கு பயாஸில் அல்லது தயாரிப்பாளரின் கருவியில் செக்யூர் இரேஸ் இருக்கும், அதுதான் சரி. கெட்ட செக்டர் உள்ள டிஸ்க்கில், மாற்று இடம் ஒதுக்கப்பட்ட பழைய செக்டர்களை இப்படிப் பூஜ்யம் எழுதுவது எட்டவே எட்டாது. அதில் பத்திரமோ ஆதார் நகலோ இருந்தால் டிரில்லிங் மெஷினால் தட்டு வரை துளை போட்டுவிட்டு, மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். லேப்டாப் டிஸ்க்கில் தட்டு பெரும்பாலும் கண்ணாடி, துளை போடும்போது சிதறும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு துளையிடுங்கள்.